சம்பந்தி கை நனைக்கவில்லை

‘சம்பந்தி கை நனைக்கிற வரைக்கும் சிரிக்காதேடா’ என்று பெரியப்பா சொல்வார். இல்லை, ‘சிரிச்சுக்கிட்டே இருடா’ என்பாரா? நிலவழகனுக்குப் பாதிதான் நினைவிருந்தது. அதனால் அரைச் சிரிப்போடு வாசலில் நின்றார்.

புதுக்கோட்டையில் அவருக்குக் கல்யாணப் பத்திரிகை அச்சகம். மாதிரிப் பத்திரிகைகள் அடுக்கிய அலமாரியைத் தள்ளினால் கதவு மாதிரி திறக்கும். உள்ளே மகள் இளமதியின் கடை. ஜப்பானில் மூன்று வருஷம் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்து தொடங்கிய சுஷி பார், கூடவே காக்டெயில் லவுஞ்ச். வெளியே போர்டு கிடையாது. ‘பாருன்னு எழுதி வச்சா எவன் பொண்ணு கேட்டு வருவான்?’ என்று அப்பாதான் தடுத்துவிட்டார். ஆனாலும் வாய்வழியாகவே சனிக்கிழமை சாயங்காலம் எட்டு மேசையும் நிரம்பிவிடும்.

இன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். கறம்பக்குடி முத்துராஜும் அவர் மனைவி உண்ணாமலையும். மகன் அரவிந்த்குமாருக்குத் திருச்சியில் வேலை. பையனும் பொண்ணும் போனில் பேசி, பிடித்துப்போய்விட்டது. பெரியவர்கள் சரி என்றால் போதும்.

வந்துவிட்டார்கள். ‘சம்பந்தி’ என்று கூப்பிட இன்னும் நேரம் வரவில்லை. ‘அண்ணே’ என்றால் முறை மாறிப்போகும். “வாங்கங்க, வாங்கங்க” என்று ஒரு ‘ங்க’வைக் கூடுதலாகப் போட்டுச் சமாளித்தார் நிலவழகன்.

அலமாரி திறந்ததும் முத்துராஜ் நின்றுவிட்டார். “என்னங்க இது? பத்திரிகை அடிக்கிறதுக்கு முன்னாடியே பத்திரிகைக்குள்ள நுழையச் சொல்றீங்க!”

உள்ளே ஒரே சிரிப்பும் பேச்சும். உண்ணாமலை மோந்து பார்த்தாள். “‘பார்’ங்கிறாங்க, ஒரு வாடையும் வரலையே?”

“பேருதான் அத்தை, சொட்டுச் சரக்கு கிடையாது” என்றாள் இளமதி. “நன்னாரி, இஞ்சி, நாட்டு எலுமிச்சை. குலுக்குறது மட்டும்தான் நெசம்.”

குலுக்கி ஊற்றினாள். உண்ணாமலை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினாள். “இன்னும் கொஞ்சம் குலுக்கு ஆத்தா.”

அடுத்து தட்டு வந்தது. உருட்டின சோற்றின் மேல் பளபளவென்று மீன் துண்டு.

“ஜெகதாப்பட்டினத்துச் சூரை மீன் அத்தை.”

“எப்ப வேகும்?”

“வேகாது. இம்புட்டுத்தான்.”

“ஆத்தாடி! எங்க வீட்டுப் பூனைக்குல்ல இப்படிப் போடுவேன்!”

பக்கத்து மேசையில் இருந்தவர்களுக்குப் புரையேறிவிட்டது.

முத்துராஜ் தட்டையே பார்த்தார். பிறகு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“பார்க்க அழகா இருக்கு. ஆனா நான் கை நனைக்கலைங்க.”

நிலவழகனின் அரைச் சிரிப்பு கால் சிரிப்பானது. பொண்ணு பார்க்க வந்தவர்கள் சாப்பிட்டால் சம்மதம். கை நனைக்காமல் எழுந்தால், வேறு இடம் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். ஏற்கெனவே இரண்டு வரன் ‘பார்’ என்ற சொல்லைக் கேட்டதுமே ஓடியிருக்கிறது. இதுவும் போனால்?

இளமதி இரண்டு குச்சியை எடுத்து நீட்டினாள். “மாமா, இதால சாப்பிட்டா கை நனையவே நனையாது.”

முத்துராஜ் கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். குச்சியை மட்டும் தொடவில்லை.

“அவங்க மூணு டம்ளர் குடிச்சிருக்காங்களே...” என்று இழுத்தார் நிலவழகன்.

“குடிக்கிறதெல்லாம் கணக்குல வராதுங்க” என்று நாலாவதற்கு டம்ளரை நகர்த்தினாள் உண்ணாமலை.

நிலவழகனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முத்துராஜ் காதருகே குனிந்தார். “நான்தான் போன்லயே சொல்லிட்டேனே. கல்யாணம் முடிஞ்ச மறுநாளே கடையை மூடிருவோம். என்னை நம்புங்க, வாக்கு மாற மாட்டேன்.”

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் குலுக்குகிற சத்தம் அந்த நேரம் பார்த்தா நிற்க வேண்டும்?

“அப்பா?” என்றாள் இளமதி. அவளுக்கு இது புதுச் சேதி.

முத்துராஜ் நிமிர்ந்தார். “நாங்க மூடச் சொல்லிக் கேட்டமாங்க?”

“இல்லைதான்... நீங்க கேக்குறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிட்டா மரியாதையா இருக்கும்னு...”

“இந்தா இருக்காளே, இவ கல்யாணத்துக்கு முன்னாடி ஆவுடையார்கோவில்ல தையல் கடை வச்சிருந்தா. எங்க அய்யா மூடச் சொன்னாரு. நானும் மாடு மாதிரி தலையாட்டினேன். முப்பது வருஷமா ராச்சோத்தோட அந்தக் கடையையும் சேர்த்துத்தான் பரிமாறுறா.”

“பின்னே? நாலு மிஷினு ஓடுச்சு!” என்றாள் உண்ணாமலை.

“கேட்டீங்கள்ல? மூடுன கடை ஒண்ணு எங்க வீட்டுல ஏற்கெனவே இருக்கு. ரெண்டாவது வந்தா வீடு தாங்காதுங்க.”

எட்டு மேசையும் சிரித்தது. இளமதி சிரிக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பையன் இங்கிட்டு இருந்தே தினம் திருச்சிக்கு பஸ்ல போயிட்டு வருவான். பேசிட்டேன். பொண்ணை எங்களுக்குப் புடிச்சிருக்கு. பசியும் எடுக்குது” என்றார் முத்துராஜ். “ஆனா மூடப்போற கடையில நான் எப்படிங்க கை நனைக்கிறது?”

கொடுத்த வாக்கை நிலவழகன் அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டார்.