அப்பாவின் முறைப்பு

"மறுபடியும் திருப்பிட்டாங்க. மூணாவது தடவை!"

ஸ்டுடியோக்காரர் போட்டோவை மேஜையில் விசிறினார். லைசென்ஸ் ஆபீசில் அதன் பின்னால் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்: 'பல் தெரிகிறது. சிரிக்கக் கூடாது.'

"முப்பது வருஷத்துல என் கடைப் படம் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. நீ வேலைக்கு வந்து ரெண்டே மாசம். உங்கப்பா படமே மூணு! இன்னொண்ணு திரும்பி வந்தா, நாளையிலேர்ந்து நீ வர வேணாம்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள். கிரேன் ஓட்டுகிறவர். லைசென்ஸ் இன்றோடு முடிகிறது. அது இல்லாமல் நாளை கிரேனில் ஏற விடமாட்டார்கள்.

அந்த முகத்தில் சிரிப்பா? பதினேழு வருஷமாக எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகம் அது. சாப்பாட்டில் உப்பு ஒரு கல் கூடினால் புருவம் நெரியும். வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தால் அதற்கும் ஒரு முறைப்பு. படிப்பை நிறுத்திவிட்டு கேமரா தூக்கப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று நெற்றியில் விழுந்த மூன்று கோடு இன்னும் அழியவில்லை.

அப்படிப்பட்டவர், அவள் கேமராவைத் தூக்கினால் மட்டும் இளிக்கிறார். லைசென்ஸ் ஆபீசுக்கு எதிரிலேயே ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. அதை விட்டுவிட்டு ரெண்டு பஸ் மாறி இங்கேயே வருகிறார். அவள் வேலைக்கு உலை வைக்கத்தான். வேறென்ன?

"அப்பா, வீட்டுல முறைப்பீங்களே, அதே மாதிரி முறைங்க. போதும்."

"சரி, முறைக்கிறேன்."

"தோளை நேராக்குங்க. தாடையை இறக்குங்க. சார், ஆடாதீங்க!" கேமரா கையில் இருந்தால் அப்பாவும் அவளுக்கு 'சார்'தான்.

அப்பாவின் உதட்டோரம் மெல்ல ஏறியது. மறுபடியும் பல்.

"வேணும்னேதானே பண்றீங்க?"

அப்பா ஸ்டுடியோக்காரரிடம் திரும்பினார். "இவளை வெளிய அனுப்பிட்டு நீங்க எடுங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. கேமராவை ஸ்டுடியோக்காரர் கையில் திணித்துவிட்டுத் திரைக்கு வெளியே வந்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். கழுத்தைப் பிடித்துத் தள்ளும்வரை நிற்பானேன்?

உள்ளே கிளிக்கென்று சத்தம்.

"அடேங்கப்பா! கேமராவே பயந்துடும் போலிருக்கே. இந்த மூஞ்சி இத்தனை நாளா எங்க சார் போச்சு?"

அப்பாவின் குரல் இறங்கியது. "பள்ளிக்கூடத்துல பேரைக் கேட்டாக்கூட வாயைத் தொறக்காத புள்ளைங்க இது. இங்க என்னடான்னா, அம்பது டன் தூக்குறவனை 'ஆடாதீங்க'ன்னு அதட்டுறா. எப்படிங்க முறைக்கிறது?"

பை தோளிலிருந்து நழுவியது.

திரை விலகியது. ஸ்டுடியோக்காரர் கேமராவை நீட்டினார். "இது ஆபீசுக்கு ஆச்சு. வீட்டுல மாட்ட ஒண்ணு நீ எடும்மா. நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துடு, லேட்டாக்காதே."

அவள் கேமராவை வாங்கிக் கண்ணருகே தூக்கினாள்.

"தாடையை இறக்குங்க சார். ம்... முறைங்க."

அவர் முறைக்கவே இல்லை.