காலி ஃபோல்டர்

ஸ்டுடியோ சர்வரில் எல்லாருக்கும் பொதுவாக வைத்திருந்த கல்யாணப் படங்களைப் பார்க்க, இன்பராஜ் தன் லினக்ஸ் கணினியில் ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கி, சர்வரை அதோடு இணைத்திருந்தான். அதைத் திறந்தால் நேராகச் சர்வருக்குள் போய் நிற்கலாம். வேலை முடிந்ததும் துண்டிக்கும் கட்டளையைக் கொடுத்தான். துண்டித்ததா என்று பார்க்கவில்லை. இனி இந்தக் காலி ஃபோல்டர் எதற்கு என்று, உள்ளே இருப்பதோடு சேர்த்து அழிக்கும் கட்டளையையும் தட்டினான். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிய வேண்டியது, கர்சர் திரும்பவில்லை. அடுத்த அறையிலிருந்து ஆல்பம் வடிவமைக்கும் ஸ்டெல்லா குரல் கொடுத்தாள். “அண்ணே, முகூர்த்தப் படம் ஒண்ணையும் காணோமே, எங்கயாச்சும் மாத்துனீங்களா?” சர்வர் துண்டிக்கப்படவே இல்லை என்று இன்பராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. “அய்யோ, ரிசப்ஷனும் போகுதுண்ணே! பொண்ணும் அவங்க அப்பாவும் படம் பார்க்க வந்து உக்காந்திருக்காங்க.” நிறுத்துவதற்கான விசைகளை அவன் விரல்கள் தேடி அழுத்துவதற்குள் கர்சர் வந்துவிட்டது. அதற்கு மேலே ஒரே ஒரு வரி இருந்தது. எல்லாவற்றையும் அழித்த கணினி, அந்தக் காலி ஃபோல்டரை மட்டும் அழிக்க முடியவில்லை, அது பயன்பாட்டில் இருக்கிறது என்றது. “இதோ வந்துரும் சார்” என்று ஸ்டெல்லா பெண்ணின் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.