நோயாளி பேசமாட்டாள்

கட்டிலில் படுத்ததுமே, வாயைத் திறப்பதில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

இந்த ஒரு மணி நேரத்துக்கு அவள் நோயாளி.

மற்ற நேரமெல்லாம் ஆசிரியை. இதே நர்சிங் கல்லூரியில் பத்தொன்பது வருடம். கரும்பலகை, டிக்டேஷன், நோட்ஸ். அவள் சொல்லச் சொல்ல ஒரு கமா விடாமல் எழுதிய பிள்ளைகள் எத்தனை பேர் இன்று துபாயில் வேலை பார்க்கிறார்கள்!

எல்லாம் பெனிட்டா வந்து சேரும்வரைதான்.

நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான். நோட்ஸ் கொடுக்க மாட்டாளாம். ஒருவரைக் கட்டிலில் படுக்கவைப்பாளாம். பிள்ளைகள் நர்ஸாக நடித்துக் கற்றுக்கொள்வார்களாம். படிப்பா இது, கூத்தா?

எந்த முறை பிடித்திருக்கிறது என்று பிள்ளைகளிடம் வாங்கிய படிவங்களைக் காலையில் பிரித்தார்கள். அறுபது பேரில் அவளுக்கு நான்கு பேர். நான்கே நான்கு. மிச்சமெல்லாம் பெனிட்டாவுக்கு.

சோறு இறங்கவில்லை.

இந்த வகுப்பைப் பார்த்துவிட்டுத்தான் முதல்வர் சொல்லப்போகிறார், அடுத்த வருடம் முதலாண்டுப் பிள்ளைகள் யாருக்கு என்று. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

வழக்கமாக நோயாளியாகப் படுக்கும் ஆயா இன்று லீவு. "அக்கா, நீங்க கொஞ்சம் படுத்துக்கிடுதீங்களா?" என்று பெனிட்டாவே வந்து கேட்டாள்.

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது.

என்ன வலி, எங்கே வலி என்று எழுதிக் கொடுத்த அட்டையைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். பேசாத நோயாளியை வைத்துக்கொண்டு என்ன கூத்து நடத்துவாள்? முதல்வர் முன்னால் நாறட்டும்.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைக்க அவளுக்கே தோன்றவில்லை.

முதல் பெண் வந்தாள். கேட்டாள். பதில் இல்லை. சிரிப்பை அடக்கமாட்டாமல் ஓடிவிட்டாள்.

இரண்டாமவள் கேள்விகளை வரிசையாக ஒப்பித்தாள். நின்றாள். போனாள்.

முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெனிட்டாவின் முகம் செத்துப்போயிற்று. அடடா, எவ்வளவு சுகமாக இருந்தது!

அடுத்து இசக்கியம்மாள். ஆறு மாதத்தில் ஒரு கேள்விக்கும் பதில் சொன்னதில்லை. புளிமூட்டை என்று பெயர் வைத்ததே கட்டிலில் கிடந்தவள்தான்.

இசக்கியம்மாள் எதுவும் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

எல்லாப் பிள்ளைகளும் கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கிவிடுவார்கள். இந்தப் பெண் முழு நிமிடமும் எண்ணியது.

"நாடி நூத்திப் பன்னெண்டு, மேடம். இவங்க நடிக்கல."

வகுப்பில் சிரிப்பு நின்றது.

முகத்தை அடக்கலாம். வாயை அடக்கலாம். நாடியை என்ன செய்வது?

"சொல்லாண்டாம்மா," என்றாள் இசக்கியம்மாள், குனிந்து, மெதுவாக. "நான் இங்கனதான் இருப்பேன்."

மேடம் இல்லை. அம்மா.

கையை உருவிக்கொள்ள நினைத்தாள். உருவவில்லை.

"அடுத்த வருஷம் எனக்கு வகுப்பு இருக்காது," என்றாள்.

பேனாக்கள் எழுதின. நோயாளி சொல்வதை நோயாளியின் வார்த்தையிலேயே எழுத வேண்டும்; வார்டு வழக்கம்.

"எப்ப இருந்தும்மா இப்படி இருக்கு?" என்று கேட்டாள் இசக்கியம்மாள்.

கட்டிலின் கால்மாட்டில் பெனிட்டா நின்றிருந்தாள்.

"இவ வந்ததுலேருந்து."

அதையும் எழுதினார்கள்.

பெனிட்டா தலையைக் குனிந்துகொண்டாள். முதல்வர் எழுந்து நின்றார்.

இசக்கியம்மாள் விரலை எடுக்கவில்லை. இன்னொரு முழு நிமிடம்.

"தொண்ணூத்தாறு," என்றாள்.