பெரிய பன்றிக்கு எந்தக் குண்டு?

“பெரிய பன்னிக்கு எந்த அளவு குண்டு போடணும், வேதமுத்து?”

சிவசங்கரன் இப்படிக் கேட்டதும் வேதமுத்து காப்பித் தம்ளரைக் கீழே வைத்தான். ஆழ்வார்குறிச்சியில் உரக்கடை வைத்துப் பூச்சிமருந்து விற்றாலும், தன் சட்டையில் ஏறிய எறும்பை ஊதி விடுகிற மனுஷர் சிவசங்கரன். அவர் வாயில் இந்தக் கேள்வி வரும் என்று யார் நினைப்பார்கள்?

“என்ன அண்ணாச்சி, திடீர்னு?”

“என் தம்பியக் குத்தின பன்னி இன்னும் உசுரோட திரியுது. அத நான் கொல்லணும். தம்பி கனவுல வாரான்லே. வயித்தப் பிடிச்சிட்டு நிக்கான். ஒரு வார்த்த பேச மாட்டுக்கான்.”

வேதமுத்து தலையைக் குனிந்துகொண்டான். அவனும் சிவசங்கரனின் தம்பி சொரிமுத்துவும் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதர்கள். அன்று மலைக்குள் வேட்டைக்குப் போனதும் அவர்கள் இருவர்தான். பன்றி குத்திவிட்டது என்று சொரிமுத்துவைத் தோளில் தூக்கி வந்தவனும் அவன்தான்.

பிணத்தின் வயிற்றில் வேதமுத்துவின் துண்டு இறுகக் கட்டியிருந்தது. குளிப்பாட்டியபோதுகூட அதை அவிழ்த்துப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. கள்ளவேட்டை வெளியே தெரிந்தால் ஊரில் பாதிப் பேர் கம்பி எண்ண வேண்டும் என்பதால், ஆஸ்பத்திரி, போலீஸ் என்று எங்கும் போகாமல் மறுநாள் காலையிலேயே எரித்துவிட்டார்கள்.

சாம்பலைப் பாபநாசத்தில் ஆற்றில் கரைத்துவிட்டு வந்ததிலிருந்து சிவசங்கரன் கடையைத் திறக்கவில்லை. யாரோடும் பேசவும் இல்லை. இன்றுதான் வீட்டைவிட்டுக் கிளம்பி நேராக இங்கே வந்திருக்கிறார்.

“இவுகளும் தூங்க மாட்டுக்காவ, அண்ணாச்சி,” என்றாள் வேதமுத்துவின் மனைவி கெசியா. “கண்ண மூடினா ‘சொரிமுத்து, சொரிமுத்து’ன்னு அலறுதாவ. அந்தோனியார் கோயிலுக்குக்கூட கூட்டிட்டுப் போயி வந்துட்டேன்.”

சிவசங்கரன் அவளைக் கொஞ்ச நேரம் பரிதாபமாகப் பார்த்தார்.

“உங்களுக்கு இந்த வேல வேண்டாம், அண்ணாச்சி. நான் பாத்துக்கிடுதேன்,” என்றான் வேதமுத்து.

“நான்தான் கொல்லணும். எதுக்கு எந்தத் துப்பாக்கி, எந்தக் குண்டுன்னு மட்டும் நீ சொல்லு, போதும்.”

வேட்டைக்காரனிடம் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டுவிட்டால் துக்கம்கூடக் கொஞ்சம் தள்ளி நிற்கும். வேதமுத்து பரணிலிருந்து சாக்கை இறக்கிப் பிரித்தான். உள்ளே இரண்டு நாட்டுத் துப்பாக்கிகள், குழாயின் வாய்வழியாக வெடிமருந்தும் குண்டும் போட்டுக் கம்பியால் இடிக்கிற ரகம்.

“இந்தச் சின்னக் குழாய் முயலுக்கு, காட்டுக்கோழிக்கு. பன்னி, மிளா மானுக்கெல்லாம் இந்தப் பெருசுதான். இங்கன எல்லாரும் ஈயத்த உருக்கி ஊத்துவாவ. பன்னித் தோல்ல அது நசுங்கிரும். நான் மட்டுந்தான் பழைய லாரி பேரிங் குண்டு போடுதவன். இந்தக் குழாய்க்குச் சேருததா தேடித் தேடிப் பொறுக்குவேன்.”

“அன்னைக்கு எத எடுத்திட்டுப் போன?”

வேதமுத்து சாக்கை மடித்து ஓரமாக வைத்தான்.

“சின்னதத்தான், அண்ணாச்சி. பெருசு இந்தப் பரண்லயே கெடந்துச்சு. அது மட்டும் கையில இருந்திருந்தா பன்னியச் சாச்சிருப்பேன். நம்ம சொரிமுத்து பொழச்சிருப்பான்.”

சொல்லும்போதே உடைந்து அழுதான். அந்த அழுகையில் நடிப்பு இல்லை.

சிவசங்கரன் மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரே ஒரு இரும்புக் குண்டு. அடுப்புக்குள் கிடந்ததுபோல நீலம் பாய்ந்து கறுத்திருந்தது.

“எங்கிட்ட இது இருக்கு. எதுக்குச் சேரும்னு பாரு.”

வேதமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினான். சின்னக் குழாயின் வாயிலேயே அது நின்றுவிட்டது. பெரிய குழாயில் வைத்ததும் பைய இறங்கி, அடியில் ணங்கென்று உட்கார்ந்தது.

இத்தனை நாளில் முதல் தடவையாக வேதமுத்துவின் முகம் மலர்ந்தது.

“அளவெடுத்துச் செஞ்சாப்ல இருக்கு, அண்ணாச்சி! இது என் குண்டுல்லா? எங்கன கெடச்சுது?”

சிவசங்கரன் துப்பாக்கியை அவன் கையிலிருந்து வாங்கித் தன் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டார்.

“எலும்பு பொறுக்கையில, தம்பி சாம்பல்ல கெடந்துச்சு.”