எந்தக் காதும் கேட்காத மெட்டு

காரைக்குடி எழுத்தாளர் சேவுகப்பெருமாளின் ஏழு பாக மாயாஜால நாவலில், பறக்கும் யானைகள் அவ்வப்போது கவிதை பாடும். அந்தக் கவிதைகளை ஒலிப்பதிவு செய்ய இசையமைப்பாளன் ஃபெலிக்ஸ் போட்ட பத்து மெட்டும் தேறவில்லை.

"இதெல்லாம் ஊரே கேட்ட மெட்டு தம்பி. என் யானைக இந்த உலகத்துலயே இல்ல. எந்தக் காதும் கேக்காததாப் போடு."

சலித்துப்போன ஃபெலிக்ஸ், போன வருடம் வேறொரு இடத்துக்குப் போட்டுக் கொடுத்த மெட்டையே வாசித்தான். எழுத்தாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுதான்யா யானை."

"நெசமாவே நீங்க இதக் கேட்டதில்லையாண்ணே?"

"பத்து மணி வரைக்கும் தூங்குற ஆளு நான். கனவுலகூடக் கேட்டதில்ல."

வெளியீட்டு விழா அவர் தெருவிலேயே நடந்தது. ஒலிபெருக்கியில் பாட்டு தொடங்கியதும் வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. பெண்கள் அடித்துப்பிடித்து ஓடி வந்தார்கள்.

"பாத்தியா தம்பி, எப்படி ஓடியாராக" என்று கீழே நின்ற ஃபெலிக்ஸிடம் மேடையிலிருந்து பூரித்தார் சேவுகப்பெருமாள்.

எல்லோருக்கும் முன்னால், கையில் இரண்டு வாளியோடு மூச்சிரைக்க வந்து நின்றவள் அவர் மனைவி யோகலட்சுமி.

"குப்பை வண்டி எங்குட்டு தம்பி நிக்கிது?"

ஃபெலிக்ஸ் மேடையைக் கை காட்டினான்.