தெருவிலேயே முதலிடம்

ஸ்மார்ட் மீட்டர் வந்ததிலிருந்து எங்கள் தெருவில் மாதாமாதம் போட்டிதான். மின்சாரத்தை யார் அதிகம் மிச்சம் பிடித்தார்கள் என்ற பட்டியல் செல்போனுக்கே வந்துவிடும். பதினோரு மாதமாகக் கடைசி இடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. என் வீடு இழுத்த மின்சாரத்தில் இரண்டு ஊருக்கு விளக்கேற்றி, மீதியில் ஒரு ரயிலையும் ஓட்டியிருக்கலாம்!

"ஒரு தடவையாவது முதலிடம் வந்து காட்டுறேன் பார்" என்று மனைவியிடம் சவால் விட்டேன்.

"நான் இருக்கிற வரைக்கும் நடக்காது" என்று மூச்சு வாங்கச் சிரித்தாள்.

இந்த மாதம் நடந்தேவிட்டது. மின்சார அலுவலகத்து என்ஜினியர் பெண் கேடயத்தோடு வந்துவிட்டாள். வழிகாட்டி அழைத்து வந்த எதிர்வீட்டுக்காரர் அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையமர்த்தினேன். மனுஷருக்குப் பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

"கலக்கிட்டீங்க சார்! பாதிக்குப் பாதி குறைச்சிருக்கீங்க" என்று செல்போனில் ஒரு கோட்டைக் காட்டினாள். "ராப்பகலா இறங்காம ஓடினது, போன மாசம் பதினாலாம் தேதி சாயங்காலம் நாலு பத்துக்குச் சட்டுனு விழுந்திருக்கு. எதை சார் நிறுத்தினீங்க? சொன்னா மத்தவங்களும் செய்வாங்கல்ல?"

"யாரும் செய்ய வேண்டாம்மா. அது என் வீட்டுக்காரி மூச்சுவிட ஓடிக்கிட்டிருந்த ஆக்சிஜன் மிஷின். டாக்டர் நாலு அஞ்சுக்கே உயிர் போயிடுச்சுன்னு சொல்லிட்டார். சுவிட்சை அணைக்க எனக்குத்தான் அஞ்சு நிமிஷம் ஆச்சு."