முப்பது அடி ஆழம்

"தண்ணிக்குள்ள மூச்சு முட்டிச்சுன்னா இன்னா சார் பண்றது?"

திருமுல்லைவாயில் அடுக்குமாடி வாசலில் பைக்கை நிறுத்திய ரோஹித் திரும்பிப் பார்த்தான். கட்டடத்துக்கு பெயின்ட் அடிக்க வந்திருக்கும் அய்யாசாமி, கை முழுக்கச் சுவருக்குப் பூசும் வெள்ளைப் பட்டியோடு நின்றிருந்தார்.

"எந்தத் தண்ணிண்ணே?"

"கடல் தண்ணி சார். பெயின்ட் பக்கெட்டுக்குள்ள கம்பெனிக்காரன் டோக்கன் போடுவான்ல? நெறைய சேந்துச்சுன்னு இந்த வருஷம் அந்தமான் டூரு வுழுந்துகீது. தீவு ரிசார்ட்டுல மூணு நாளு. சிலிண்டர மாட்டிகினு கடலுக்கு அடியில எறங்கணுமாம். நீங்களும் பவ்யா மேடமும் போய்ட்டு வந்தீங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரு."

"ஆமாண்ணே, போனோம்."

"சாயங்காலத்துக்குள்ள பேரு குடுக்கணும். உசுருக்கு ஆபத்துன்னா இப்பவே வேணாம்னு சொல்லிடலாம். அதான் கேக்குறேன்."

"பயப்படவே வேணாம். கூடவே ஒரு ஆள் வருவாரு."

"கைய உட்டுட மாட்டாரே?"

"விடவே மாட்டாரு. மூச்ச மட்டும் அடக்கக் கூடாது. வாயால விட்டுக்கிட்டே இருக்கணும். காது வலிச்சா மூக்கப் பிடிச்சிக்கிட்டு ஊதணும்."

அய்யாசாமி அங்கேயே மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்தார். மூக்கு வெள்ளையாகிவிட்டது.

"யோவ்! அங்க இன்னாய்யா மூக்க நோண்டிகினு கீற? பட்டி கலந்தியா இல்லியா?" மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து அவர் மனைவி பொன்னியம்மா கத்தினாள்.

"தோ வர்றேம்மே!" என்றவர் நகரவில்லை.

"நீச்சல் தெரியுமாண்ணே?" என்றான் ரோஹித்.

"எங்க சார்! எங்க ஏரியா சேக்காட்டுல மழ பேஞ்சா ஊட்டுக்குள்ள முட்டிக்கால் தண்ணி வரும். அதான் நம்ப கடலு."

ரோஹித் சிரித்துவிட்டான். "தேவையில்ல, நாங்களும் தெரியாமத்தான் எறங்குனோம். ஆஸ்துமா, பிரஷர் எதுவும் இல்லையே?"

"மூணு மாடி சாரம் ஏறி எறங்குற ஒடம்பு சார். ஒண்ணும் கெடையாது."

"அப்புறம் என்ன? உள்ள பேச முடியாது, கையாலதான் சொல்லணும். எல்லாம் நல்லாருக்குன்னா எப்படிக் காட்டுவீங்க?"

அய்யாசாமி கட்டைவிரலை உயர்த்தினார்.

"அதான் கூடாது! அப்படிக் காட்டுனா மேல போகணும்னு அர்த்தம்."

"சூப்பரா கீதுன்னு சொன்னா மேல இட்டாந்துடுவானா? இன்னா சார் அநியாயம் இது!"

கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டச் சொல்லிக்கொடுத்தான் ரோஹித். மறந்துவிடுமோ என்று அவர் அதை நாலைந்து தரம் செய்து பார்த்தார்.

"கீழ அப்படி இன்னாதான் சார் கீது?"

"முப்பது அடி ஆழத்துல ஒரு நீலம் இருக்குண்ணே. எந்தக் கம்பெனி ஷேடு கார்டுலயும் அது இருக்காது. மஞ்ச மீனு நூறு, எரநூறு, ஒரே நேரத்துல நம்ம முகத்துக்கு நேரா திரும்பும். மேல வந்ததும் பவ்யா அழுதுட்டா, சந்தோஷத்துல."

அய்யாசாமி விரல் வளையத்தை இன்னொரு தரம் செய்து பார்த்தார்.

"அப்ப பாத்துட வேண்டியதுதான்" என்றார் கடைசியில்.

"பிரமாதம்! இந்த வயசுல, நீச்சலும் தெரியாம... உங்க தைரியத்துக்கு ஒரு சல்யூட்ணே!"

"எனுக்கா? தைரியமா? சாரத்துல ரெண்டாவது கட்டைக்கு மேல ஏறுனா தல சுத்தும் சார்."

"அப்ப மூணு மாடி சாரம் ஏறுற ஒடம்புன்னீங்க?" என்றான் ரோஹித்.

அய்யாசாமி தலையை நிமிர்த்தி, மூன்றாம் மாடி விளிம்பில் டேப் ஒட்டாமலே நேர்கோடாய் பிரஷ் இழுத்துக்கொண்டிருந்த பொன்னியம்மாவைப் பார்த்துக் கத்தினார்: "மேஸ்திரீ! பேரு குடுத்துடு! போய்ட்டு வா, ஒண்ணும் ஆவாது!"

பிறகு ரோஹித்திடம் குரலைத் தாழ்த்தினார். "டோக்கன் அல்லாம் அவுளுது சார், நான் வெறும் ஹெல்பரு. நாலு நாளா 'போவட்டுமாய்யா'ன்னு கேட்டுகினு கீறா. பயத்துல எனுக்குத்தான் 'சரி'ன்னு சொல்ல வாயே வர்ல."